பியானோப் பாடம்: வகுப்புக்கு முன்னும் பின்னும்

அருப்புக்கோட்டையில் நாற்பது ஆண்டுகள் தறியில் அமர்ந்து உழைத்தவர் அவர். பக்கவாதம் தாக்கியபின் திருச்சுழியில் உள்ள மகள் வீட்டுக்கு வந்து தங்கினார். வலத்தோள் ஓரளவு அசைந்தது. விரல்களோ மடங்கியவாறே இருந்தன. பேரன் வைத்திருந்த கீபோர்டின்மேல் ஒருநாள் அந்தக் கையை வைத்தபோது ஒரு கட்டை ஒலித்தது. அடுத்த முறை மருத்துவமனைக்கு வந்தவர், “நானும் இதைக் கத்துக்கலாமா, டாக்டர்?” என்று கேட்டார்.

“தாராளமாக. எவ்வளவு நேரம் முடியுமோ, அவ்வளவு நேரம் பழகுங்கள்” என்றேன். அந்த விடையின் பிற்பகுதி தவறு. மூன்றாவது வாரத்தில் அவர் கடும் தோள்வலியோடு வந்தார். நாள்தோறும் இரண்டு மணி நேரம் விடாமல் பழகியிருக்கிறார். விரல் விரியாதபோது மகள் அதைப் பிடித்துக் கட்டையின்மேல் அழுத்தியிருக்கிறார். இருவரும் அன்பினால்தான் அவ்வாறு செய்தார்கள். அளவைச் சொல்லாமல் விட்டவன் நான். கீபோர்டை உறைக்குள் போட்டுக் கட்டிவைத்துவிட்டதாக அவர் சொன்னபோது, இக்கட்டுரையை எழுத வேண்டும் என்று தோன்றியது.

பியானோ கைக்கு உதவுமா? ஜெர்மன் ஆய்வாளர்கள் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் ஆய்வில், பக்கவாதத்தால் கை தளர்ந்தோர் வழக்கமான சிகிச்சையுடன் மின்பியானோவிலும் முரசுத் தட்டுகளிலும் பயிற்சி பெற்றனர். மூன்று வாரங்களில் 15 அமர்வுகள். ஒவ்வொன்றும் அரைமணி நேரம். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களின் கையசைவு கூடுதலாக மேம்பட்டது. விரல் சரியான இடத்தில் பட்டதா என்பதைக் காது உடனே சொல்லிவிடுகிறது. மூளை அதைக் கேட்டு அடுத்த அசைவைத் திருத்திக்கொள்கிறது. பின்வந்த ஆய்வுகள் அனைத்தும் இதே அளவு பயனைக் காட்டவில்லை. ஆகவே இது இயன்முறைச் சிகிச்சைக்குத் துணையே அன்றி மாற்று அன்று. இரத்த அழுத்த மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் நிறுத்துவதற்கு இது காரணமாகவும் ஆகாது.

‘இந்த வயதில் புதிதாகவா?’ என்று தயங்க வேண்டாம். பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் பியானோவும் மேற்கத்திய இசையும் முறையாகப் பயிலத் தொடங்கியபோது சிறுவர் அல்லர். இருபதுகளில் இருந்த இளைஞர். நம் நோக்கமோ மேடை அன்று. சட்டைப் பொத்தானைத் தாமே போட்டுக்கொள்வதுதான்.

முதல் வகுப்புக்கு முன் மருத்துவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். தோள்மூட்டு இறங்கியிருக்கிறதா? விரல்களில் உணர்ச்சி எவ்வளவு இருக்கிறது? ஒரு பக்கத்தைக் கவனிக்கத் தவறும் குறை உண்டா? மூளையின் வலப்பகுதி பாதிக்கப்பட்ட சிலர், இடப்பக்கம் இருக்கும் பொருளைக் கண்ணெதிரே இருந்தும் காண மாட்டார்கள். அத்தகையவருக்குக் கீபோர்டின் இடமுனையில் பளிச்சென்ற சிவப்பு நாடாவை ஒட்டுங்கள். துணைக்கு இருப்பவர் பெரும்பாலும் இடப்பக்கமே அமர்ந்து பேசுங்கள்.

88 கட்டைகள் கொண்ட பெரிய பியானோ தேவையில்லை. முழு அகலக் கட்டைகள் உடைய 61 கட்டைக் கீபோர்டு போதும். அதன் கட்டைகள் எளிதில் அழுந்துவதால் தளர்ந்த விரலுக்கு அதுவே ஏற்றது. மின்கலத்திலும் இயங்கும் வகையாயின், மின்சாரம் தடைப்பட்டாலும் பயிற்சி தடைப்படாது.

ஆர்மோனியத்துக்கு அமர்வதுபோல் தரையில் அமர வேண்டாம். கைப்பிடியும் முதுகுச் சாய்மானமும் உள்ள நாற்காலியில், இரு பாதங்களும் தரையில் பதிய அமருங்கள். முழங்கை கட்டைகளின் உயரத்தில் இருக்கட்டும். தளர்ந்த கையின் முன்கைக்குக் கீழே தலையணை ஒன்றை வையுங்கள். கை தொங்கினால் தோள் வலிக்கும்.

ஆசிரியரிடம் நோயை மறைக்க வேண்டாம். எந்த விரல் எவ்வளவு அசையும், எதைச் செய்யக்கூடாது என்று இயன்முறை மருத்துவரிடம் ஒரு சீட்டு எழுதி வாங்கிச் சென்று கொடுங்கள். ஒரு வகுப்புக்கு ஒரு பாடம் என்று கேளுங்கள். பியானோவில் கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5. ச, ரி, க, ம, ப என அடுத்தடுத்த ஐந்து வெள்ளைக் கட்டைகளில் ஐந்து விரல்களையும் வைத்து, ஒவ்வொன்றாக அழுத்தி எடுப்பதே பல வாரங்களுக்குப் போதுமான பாடம். ஆசிரியர் வாசித்துக் காட்டுவதை, அவரது இசைவோடு கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். வகுப்பு வாரத்தில் ஒருநாள்தான். மற்ற ஆறு நாள்களும் அந்தப் பதிவே ஆசிரியர்.

வகுப்பின் பயன் வீட்டில்தான் விளைகிறது. ஒரு வேளைக்குப் பத்து நிமிடம். நாளுக்கு மூன்று வேளை. உணவும் மருந்தும் முடிந்து, களைப்பு இல்லாத நேரமாக இருக்கட்டும். கோடையில் நம் கரிசல் வெயில் உச்சியில் நிற்கும்போது வேண்டாம். வலி, வீக்கம், விரல் இறுகுதல் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் உடனே நிறுத்துங்கள். அடுத்த நாளும் நீடித்தால் மருத்துவரிடம் வாருங்கள்.

வலியைப் பொறுத்துக்கொண்டு பழகினால் வேகமாகத் தேறலாம் என்பது தவறான எண்ணம். அமெரிக்கப் பியானோ மேதை லியான் ஃப்ளைஷருக்கு 1960களின் நடுவில் வலக்கை விரல்கள் தாமாகவே மடங்கத் தொடங்கின. அவர் மேலும் கடுமையாகப் பழகினார். கை மேலும் கெட்டது. பல ஆண்டுகள் இடக்கைக்கென எழுதப்பட்ட இசையையே வாசித்தார். 1990களில்தான் பொட்டுலினம் ஊசி உள்ளிட்ட சிகிச்சைகளால் மீண்டும் இரு கைகளாலும் வாசிக்க முடிந்தது. அவருடைய நோய் வேறு. ஆயினும் அடம்பிடிக்கும் விரலை வலிமையால் வெல்ல முடியாது என்ற பாடம் நமக்கும் உரியது. பக்கவாதத்துக்குப் பின் விரல்கள் இறுகிய சிலருக்கு அதே ஊசி இன்று பயன்படுகிறது.

உடனிருந்து பராமரிப்போருக்கு ஒரு வேண்டுகோள். விரலை நீங்கள் அழுத்தினால் ஒலி எழும்; ஆனால் அந்த ஒலியை எழுப்பியது அவருடைய மூளை அன்று. ஆகவே பொறுத்திருங்கள். மெல்லத் தாளம் போடுங்கள். ‘தப்பு’ என்று சொல்லத் தேவையில்லை. அதை அவருடைய காதே சொல்லிவிடும். ஒரு குறிப்பேட்டில் நாளும் ஒரு வரி எழுதுங்கள்: எத்தனை நிமிடம், எந்த விரல், வலி உண்டா. முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியாத வாரங்களில் அந்த ஏடே ஊக்கம் தரும். மருத்துவருக்கும் அது உதவும்.

அந்த நெசவாளர் ஒரு மாத ஓய்வுக்குப் பின் கீபோர்டை மீண்டும் எடுத்தார். இம்முறை பக்கத்தில் ஒரு கடிகாரமும் இருந்தது. பத்து நிமிடம் ஆனதும் பேரன் “தாத்தா, போதும்” என்பான். அவரும் கையை எடுத்துவிடுவார். தறிக்கு அவரால் திரும்ப முடியவில்லை; திரும்ப முடியும் என்று நான் சொல்லவும் இல்லை. ஆறு மாதங்கள் கழித்து வந்தபோது சட்டையின் மேல் இரண்டு பொத்தான்கள் துளை மாறிப் போடப்பட்டிருந்தன. மகள் திருத்தக் கை நீட்டினார். “விடும்மா, நான் போட்டது” என்றார் அவர்.

அன்று அந்தப் பொத்தான்களை யாரும் திருத்தவில்லை.