காலடியில் காத்திருக்கும் போர்

உலக அமைதி என்ற தலைப்பைக் கொடுத்து என்னைப் பேசச் சொன்னார்கள். தலைப்பு பெரியது. ஐக்கிய நாட்டுச் சபையில் தொடங்கி அணுகுண்டில் முடித்தால் கேட்பவர்கள் தூங்கிவிடுவார்கள். அதனால் உள்ளங்கையில் அடங்கும் ஒரே ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அது கண்ணிவெடி. வண்டிகளைத் தகர்க்கும் பெரிய வகையைச் சொல்லவில்லை, மனிதன் கால் வைத்தால் வெடிக்கும் சிறிய வகையைச் சொல்கிறேன். இலங்கைத் தமிழர்கள் இதை மிதிவெடி என்பார்கள். பொருத்தமான சொல். நானும் அப்படியே சொல்கிறேன்.

துப்பாக்கி பிடித்தவன் வீடு திரும்பினால் துப்பாக்கியும் அவனோடு போய்விடும். மிதிவெடி போகாது. சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது அதற்குத் தெரியாது. படைவீரனின் பூட்சுக்கும் பள்ளிப் பிள்ளையின் சிலிப்பருக்கும் வேறுபாடு தெரியாது. 2023-ஆம் ஆண்டில் மட்டும் மிதிவெடிகளாலும், போரில் வெடிக்காமல் எஞ்சிய குண்டுகளாலும் இறந்தவர்கள், காயமுற்றவர்கள் என்று பதிவானவர்கள் 5,757 பேர். அவர்களில் நூற்றுக்கு 84 பேர் பொதுமக்கள்.

நான் தோட்டத்தில் பிறந்தவன். விடியுமுன் பெரட்டுக்குப் போய்விட்டு, நெற்றி விளக்கோடு பால்மரம் வெட்டப் போன என் தாயார் பயந்ததெல்லாம் பாம்புக்குத்தான். நடக்கும் மண்ணையே நம்ப முடியாது என்ற நிலை அவருக்கு வந்ததில்லை. கம்போடியாவில் தாய்லாந்து எல்லையை ஒட்டிய கிராமங்களில் விறகு பொறுக்கப் போகும் தாய்க்கு அந்த நிலை 1980-களிலிருந்து இருக்கிறது.

இந்த ஆயுதத்தைத் தடை செய்தது எப்படி என்பதுதான் சுவையான கதை. ஜெனிவாவில் ஆயுதக் களைவுக்கென்றே ஒரு மாநாடு உண்டு. அங்கே எல்லா நாடுகளும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நடக்கும். ஒரு நாடு தலையை ஆட்டினால் போதும், காரியம் நின்றுவிடும். வழக்கமான ஆயுதங்கள் பற்றிய 1980-ஆம் ஆண்டு உடன்படிக்கையை 1996-இல் திருத்தினார்கள். அதிலும் முழுத் தடை வரவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் ஒட்டாவாவில் கூட்டம் முடியும் நேரத்தில் கனடாவின் வெளியுறவு அமைச்சர் லாயிட் எக்ஸ்வர்தி எழுந்தார். அடுத்த ஆண்டு இறுதிக்குள் முழுத் தடையில் கையெழுத்திட இங்கேயே வாருங்கள் என்று அழைத்தார். அரசதந்திரிகள் பலர் திகைத்துப் போனார்கள். முன்கூட்டிச் சொல்லாமல் இப்படி அழைப்பது அவர்கள் வழக்கமே இல்லை.

வர விரும்பியவர்கள் வந்தார்கள். யாருக்கும் தடுப்பு அதிகாரம் கொடுக்கப்படவில்லை. 1992-இல் ஆறு தொண்டு அமைப்புகள் தொடங்கிய இயக்கமும், செஞ்சிலுவைச் சங்கமும், மிதிவெடியால் கால் இழந்தவர்களும் அரசுப் பேராளர்களோடு ஒரே கூடத்தில் அமர்ந்தார்கள். 1997 ஜனவரியில் இளவரசி டயானா அங்கோலாவில் வெடி அகற்றும் நிலத்தில் நடந்த படத்தை நம் பத்திரிகைகளிலும் பார்த்திருப்பீர்கள். அவர் ஆகஸ்டு 31-இல் இறந்தார். மறுநாள் ஓஸ்லோவில் இறுதிப் பேச்சு தொடங்கியது. கொரியாவுக்கு விலக்கு வேண்டும் என்றது அமெரிக்கா. கிடைக்கவில்லை, அது ஒதுங்கிக்கொண்டது. டிசம்பரில் ஒட்டாவாவில் 122 நாடுகள் கையெழுத்திட்டன. அந்த ஆண்டின் நோபல் அமைதிப் பரிசு அந்த இயக்கத்துக்கும் ஜோடி வில்லியம்ஸ் அம்மையாருக்கும் கிடைத்தது. இயக்கத்தின் சார்பில் பரிசை வாங்கச் சென்ற துன் சன்னாரெத், மிதிவெடியால் இரண்டு கால்களையும் இழந்த கம்போடியர்.

1999 மார்ச் 1-இல் உடன்படிக்கை நடப்புக்கு வந்தது. கையிருப்பை நான்கு ஆண்டுகளில் அழிக்க வேண்டும், புதைத்ததைப் பத்து ஆண்டுகளில் அகற்ற வேண்டும், பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவ வேண்டும் என்பது விதி. மலேசியா தன்னிடம் இருந்த 94,000-க்கும் மேற்பட்ட மிதிவெடிகளை 2001 ஜனவரியிலேயே அழித்து முடித்தது. கெடுவுக்கு இரண்டு ஆண்டுக்கு மேல் பாக்கி இருந்தது. இதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? சிங்கப்பூர் உடன்படிக்கையில் சேரவில்லை. ஆனால் 1998 முதல் ஏற்றுமதியைக் காலவரையின்றி நிறுத்தி வைத்தது. உலகம் முழுவதும் அழிக்கப்பட்டவை ஐந்தரைக் கோடிக்கும் மேல். நம் அண்டை நாடான மியன்மார் சேராத நாடு. 2023-இல் அதிகமானோர் பாதிக்கப்பட்டதும் அங்கேதான்.

கையிருப்பை அழிப்பது எளிது. புதைத்ததை எடுப்பதுதான் பாடு. சில டாலரில் செய்த வெடியை எடுக்கச் சில நூறு டாலர் ஆகும். உலோகம் கண்டறியும் கருவி ஆணிக்கும் கத்தும், டின் மூடிக்கும் கத்தும். ஒவ்வொன்றுக்கும் மண்டியிட்டு மண்ணைச் சுரண்ட வேண்டும். அதனால்தான் எலியைப் பழக்கினார்கள். சிரிக்காதீர்கள். தன்சானியாவில் பயிற்சி பெற்ற மகாவா என்ற ஆப்பிரிக்கப் பெரிய எலி, வெடிமருந்தின் வாசனையை மட்டும் மோப்பம் பிடிக்கும், ஆணியை மதிக்காது. அதன் எடைக்கு வெடி வெடிக்காது. டென்னிஸ் திடல் அளவு இடத்தை அரை மணி நேரத்தில் பார்த்துவிடும். கம்போடியாவில் 71 மிதிவெடிகளைக் கண்டுபிடித்து, 2020-இல் தங்கப் பதக்கமும் வாங்கி, 2022 ஜனவரியில் இறந்தது.

இலங்கையின் வடக்கே, யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ-9 சாலையில் முகமாலை இருக்கிறது. இரு தரப்பும் ஆண்டுக்கணக்கில் எதிரெதிரே நின்ற முன்னரங்கு அது. அங்கே முகக்கவசம் அணிந்து, அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறியவர்களில் பலர் நம் தமிழ்ப் பெண்கள். போரில் கணவரை இழந்து, குடும்பத்தைத் தாங்க இந்த வேலைக்கு வந்தவர்களும் உண்டு. இலங்கை 2017 டிசம்பரில் உடன்படிக்கையில் சேர்ந்தது. நிலத்தைச் சுத்தம் செய்ய அதற்குள்ள கெடு 2028 ஜூன்.

இத்தனை நல்ல செய்தி சொன்னேன். இனி கசப்பானது. 2025-இல் எஸ்டோனியா, லாட்வியா, லித்துவேனியா, போலந்து, பின்லாந்து ஆகிய ஐந்து நாடுகள் உடன்படிக்கையிலிருந்து விலகுவதாக அறிவித்தன. பின்லாந்துக்கும் ரஷ்யாவுக்கும் இடையே 1,300 கிலோமீட்டருக்கு மேல் நில எல்லை. ரஷ்யா இதில் சேர்ந்ததே இல்லை. உக்ரேனில் மிதிவெடிகளைப் பரவலாகப் புதைத்திருக்கிறது. எதிரி கட்டுப்படாதபோது நான் மட்டும் ஏன் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அவர்கள் கேட்கிறார்கள். அந்த அச்சத்தை எட்ட இருந்துகொண்டு நாம் ஏளனம் செய்ய முடியாது. இருந்தாலும் அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. எல்லையில் புதைத்தது எதிரி வந்த பிறகும், வராமலே போன பிறகும் அங்கேயேதான் இருக்கும். கடைசியில் மிதிக்கப்போவது அவர்கள் பிள்ளைகள். இதை எழுதியவர்களும் யோசித்திருக்கிறார்கள்: விலகல் அறிவித்த ஆறு மாதத்துக்குப் பிறகுதான் செல்லும், நாடு போரில் இருந்தால் அந்தப் போர் முடியும்வரை செல்லாது என்று விதி வைத்தார்கள்.

நம் வட்டாரத்துக்கே வருவோம். 2025 ஜூலையில் தாய்லாந்து வீரர்கள் எல்லையில் மிதிவெடியில் கால் இழந்தார்கள். புதிதாகப் புதைத்தது என்றது தாய்லாந்து. பழைய போரின் மிச்சம் என்றது கம்போடியா. இரண்டும் உடன்படிக்கை நாடுகள். 24-ஆம் தேதி சண்டை மூண்டது. 28-ஆம் தேதி புத்ராஜெயாவில் நம் பிரதமர் முன்னிலையில் நிறுத்த ஒப்புக்கொண்டார்கள். அக்டோபர் 26-இல் கோலாலம்பூரில் கையெழுத்தான கூட்டறிக்கையில், எல்லை வெடிகளைச் சேர்ந்து அகற்றுவது ஓர் அம்சம். இரண்டு வாரம்தான் ஆயிற்று. நவம்பர் 10-இல் இன்னொரு வெடி. தாய்லாந்து அறிக்கையின் அமலாக்கத்தை நிறுத்தி வைத்தது. டிசம்பரில் மீண்டும் சண்டை, 27-ஆம் தேதி மீண்டும் நிறுத்தம். அந்த ஒப்பந்தத்திலும் வெடி அகற்றும் அம்சத்தை மறுபடி எழுதிச் சேர்த்தார்கள்.