இணைப்பு அறாமல் திறவுகோல் மாற்றுதல்

வீட்டுப் பூட்டின் சாவியை எவரும் மணிக்கு ஒரு முறை மாற்றுவதில்லை. பூட்டுப் பழுதுபட்டாலோ, சாவி தொலைந்தாலோ மட்டுமே புதியது வாங்குகிறோம். ஆனால், கிராமத்திலிருந்து மாவட்ட அலுவலகத்துக் கணிப்பொறியுடன் பாதுகாப்பான இணைப்பு ஏற்படுத்திக்கொண்டு, நோயாளர் பதிவேட்டையோ மாணவரின் மதிப்பெண்களையோ அனுப்பும் ஊழியர் ஒருவரின் கணிப்பொறி, இணைப்பு நீடிக்குமாயின், அவர் அறியாமலேயே தன் சங்கேதத் திறவுகோலை இடையிடையே மாற்றிக்கொள்கிறது. தொலையாத திறவுகோலை மாற்றுவானேன்? இணைப்பு அறாமல் அம்மாற்றம் எங்ஙனம் நிகழ்கிறது? அதனால் கிடைக்கும் பாதுகாப்பு எத்தகையது? இத்தகைய இணைப்புகளை நம்பிப் பணிபுரிவோரும், அவற்றை மாணவர்க்கு விளக்குவோரும் இவற்றை அறிந்திருத்தல் நன்று.

திறவுகோல் என்பது யாது?

இங்குத் திறவுகோல் எனப்படுவது ஒரு பெரிய எண்ணேயாகும். இன்று பெருவழக்கிலுள்ள திறவுகோல்கள் 128 அல்லது 256 பிட் நீளமுடையவை. 128 பிட் கொண்ட எண்ணை நாம் வழக்கமாக எழுதும் முறையில் எழுதினால் 39 இலக்கங்கள் வரை நீளும். அனுப்புபவரின் கணிப்பொறி இவ்வெண்ணைக் கொண்டு செய்தியைச் சங்கேதமாக மாற்றுகிறது; பெறுபவரின் கணிப்பொறி அதே எண்ணைக் கொண்டு சங்கேதத்தைப் பிரித்தறிகிறது. இடைவழியில் கேட்பவனுக்குப் பொருளற்ற எழுத்துக் குவியலே கிட்டும்.

ஒருவரையொருவர் கண்டிராத இரு கணிப்பொறிகள், பிறர் கேட்கும் வழியிலேயே பேசி, பிறர் அறியாத எண் ஒன்றை முடிவு செய்வது எவ்வாறு? இதற்குரிய வழியை விட்ஃபீல்டு டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவரும் 1976-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இருபுறத்தாரும் தத்தமக்கென ஓர் இரகசிய எண்ணை வைத்துக்கொள்கின்றனர். அதிலிருந்து கணக்கிட்டுப் பெற்ற வேறோர் எண்ணை மட்டுமே வெளியே அனுப்புகின்றனர். தம் இரகசிய எண்ணையும் வந்த எண்ணையும் சேர்த்துக் கணக்கிட்டால் இருவர்க்கும் ஒரே விடை கிடைக்கிறது. வெளியே சென்ற எண்களை மட்டும் அறிந்தவன் அவ்விடையை அடைவது நடைமுறையில் இயலாது. இவ்வாறு பெற்ற பொது இரகசியத்திலிருந்தே இணைப்புக்குரிய திறவுகோல்கள் ஆக்கப்படுகின்றன.

நெடுநேரம் ஒன்றையே கையாளுவதன் தீங்கு

திறவுகோலை மாற்றும் வழக்கம் கணிப்பொறிக்கு முற்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியப் படைகள் கையாண்ட எனிக்மா என்னும் சங்கேத இயந்திரத்தின் அமைப்பு, அச்சிட்ட அட்டவணையின்படி பெரும்பாலும் நாள்தோறும் மாற்றப்பட்டது. ஆகவே, இங்கிலாந்தில் பிளெட்ச்லி பார்க் என்னுமிடத்தில் அதை ஆராய்ந்தோர் ஒரு நாளைய அமைப்பைக் கண்டுபிடித்தாலும், மறுநாள் வேலையைப் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. எனிக்மாவிடம் வேறு குறைகள் இருந்தமையால் அது இறுதியில் தோற்றது. எனினும், ஒரு திறவுகோல் வெளிப்பட்டால் அது ஆண்ட காலத்துச் செய்திகளோடு இழப்பு நின்றுவிடும் என்பதை இவ்வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. திறவுகோலை மாற்றுவதற்கு இது முதற்காரணம்.

இரண்டாவது காரணம் கணிதத்தைச் சார்ந்தது. ஓர் அறையில் 23 பேர் இருப்பின், அவர்களுள் யாரேனும் இருவர்க்குப் பிறந்தநாள் ஒன்றாயிருக்கும் வாய்ப்புப் பாதிக்கு மேற்பட்டது. ஆண்டுக்கு 365 நாட்கள் இருக்க, 23 பேரே போதுமென்பது வியப்பாகத் தோன்றும். ஆயினும், 23 பேரிலிருந்து 253 இணைகள் அமைகின்றன என்பதை எண்ணிப்பார்த்தால் வியப்புக் குறையும்.

சங்கேதத்திலும் இதுவே நிகழ்கிறது. பல சங்கேத முறைகள் செய்தியைச் சம அளவுள்ள துண்டுகளாக வெட்டி மாற்றுகின்றன. துண்டின் நீளம் 64 பிட்டாயின், ஏறத்தாழ 430 கோடி துண்டுகள், அதாவது சுமார் 3,440 கோடி பைட்டுகள், ஒரே திறவுகோலின்கீழ்ச் சென்றவுடன் இரு சங்கேதத் துண்டுகள் ஒன்றாக அமைவது எதிர்பார்க்கத்தக்கதாகிவிடுகிறது. துண்டுகளைச் சங்கிலிபோல் கோத்துச் செல்லும் முறையில், அவ்வாறு இரண்டு ஒத்துவிட்டால், அவற்றுக்குரிய மூலத் துண்டுகள் எவ்வகையில் வேறுபடுகின்றன என்று கணக்கிட்டுவிடலாம். அவற்றுள் ஒன்று முன்பே தெரிந்ததாயின் மற்றதும் வெளிப்படும்.

இது ஏட்டளவில் நிற்கும் அச்சமன்று. பிரான்சு நாட்டின் இன்ரியா ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் பார்கவன், கயேத்தான் லெரான் ஆகிய இருவரும் 2016-ஆம் ஆண்டில் இதைச் செய்து காட்டினர். ‘டிரிபிள் டெஸ்’ என்னும் 64 பிட் முறையைக் கையாண்ட ஓர் இணைப்பை நெடுநேரம் நீடிக்கச் செய்து, சுமார் 785 கிகாபைட் அளவுள்ள போக்குவரத்தைத் திரட்டி, பயனாளரை அடையாளங்காட்டும் இரகசியக் குறிப்பை இரண்டு நாட்களுக்குள் மீட்டனர். அவர்கள் திறவுகோலைக் கண்டுபிடிக்கவேயில்லை என்பது கருதத்தக்கது. ஒரே திறவுகோல் அளவுக்கு மிஞ்சி உழைத்ததே அவர்களுக்குப் போதுமானதாயிற்று. உரிய காலத்தில் அது மாற்றப்பட்டிருப்பின், இம்முயற்சி இவ்வளவில் பலித்திராது.

இன்று பெருவழக்கிலுள்ள ஏ.இ.எஸ். முறையின் துண்டு 128 பிட் நீளமுடையது. ஆகவே அதன் எல்லை மிகத் தொலைவிலுள்ளது. ஆயினும் எல்லை இல்லாமற் போகவில்லை. ஏ.இ.எஸ். முறையின் ஜி.சி.எம். வகையைக் கையாளும்போது, ஒரு திறவுகோலைக் கொண்டு சுமார் 2 கோடியே 40 இலட்சம் முழு அளவுப் பதிவுகளுக்கு மேல் அனுப்பலாகாது என்பது டி.எல்.எஸ். 1.3 தரவிதி காட்டும் வரம்பாகும்.

மாற்றம் நிகழும் முறை

தொலைவிலுள்ள கணிப்பொறியை இயக்க உதவும் எஸ்.எஸ்.எச். என்னும் முறையை, ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாத்து இலோனென் 1995-ஆம் ஆண்டில் உருவாக்கினார். 2006-ஆம் ஆண்டில் வெளியான அதன் தரவிதி, ஒரு கிகாபைட் செய்தி சென்ற பின்னரோ, ஒரு மணி நேரம் கழிந்த பின்னரோ, இவற்றுள் எது முந்துகிறதோ அப்போது திறவுகோலை மாற்றுமாறு பரிந்துரைக்கிறது.

மாற்றத்தை இருபுறத்தாரில் எவரும் தொடங்கலாம். தொடங்கியதும் வழக்கமான செய்திகள் சற்று நிறுத்தப்படுகின்றன. புதிய பொது இரகசியத்தைக் காணும் உரையாடல், பழைய திறவுகோலின் காப்பிலேயே நடைபெறுகிறது. அது முடிந்தபின் ஒவ்வொரு புறமும் ‘இனிப் புதிய திறவுகோல்’ என்று பொருள்படும் அறிவிப்பை அனுப்பி, அடுத்த செய்தி முதல் புதியதைக் கையாளுகிறது. முதன்முதல் இணைந்தபோது ஏற்பட்ட அடையாள எண் மட்டும் இறுதிவரை மாறுவதில்லை. ஆதலால், பாதியளவு சென்றிருந்த கோப்பு விட்ட இடத்திலிருந்தே தொடர்கிறது. சந்திப்பு நிலையத்தில் பயணிகள் இருக்கையைவிட்டு எழாமலே புகைவண்டியின் எஞ்சின் மாற்றப்படுவதை இதற்கு ஒப்பிடலாம்.

இணையத்தளங்களைக் காக்கும் டி.எல்.எஸ். 1.3 முறை, 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டில் தரமாக வெளியாயிற்று. இதில் நீண்ட உரையாடல் இல்லை. அனுப்புபவர் ‘மாற்றுகிறேன்’ என்று ஓர் அறிவிப்புக் கொடுத்து, தம்மிடமுள்ள இரகசியத்திலிருந்தே அடுத்ததைக் கணக்கிட்டுக்கொள்கிறார்; விரும்பினால் மறுபுறத்தாரையும் மாற்றுமாறு கேட்கலாம். 2020-ஆம் ஆண்டில் லினக்ஸ் இயக்க முறைமையின் கருவில் சேர்க்கப்பட்ட ஒயர்கார்டு என்னும் முறையோ இன்னும் கண்டிப்பானது. அதில் 120 விநாடி கடந்த திறவுகோலுக்கு மாற்றுத் தேடப்படுகிறது; 180 விநாடி கடந்தது ஏற்கப்படுவதில்லை.

இரு வகைப் புதுப்பித்தல்

இம்முறைகளுக்கிடையே ஒரு முக்கிய வேற்றுமை உண்டு. எள்ளை ஆட்டி எண்ணெய் எடுக்கலாம். எண்ணெயிலிருந்து எள்ளைத் திரும்பப் பெறவியலாது. பழைய இரகசியத்திலிருந்து புதியதைக் கணக்கிடும் முறையும் இத்தகையதே. இன்றைய இரகசியம் களவு போனாலும், அதைக்கொண்டு முந்தியவற்றை அடைய இயலாது. நேற்றைய செய்திகள் காக்கப்படும். ஆனால், களவாடியவனும் அதே கணக்கைச் செய்து நாளைய திறவுகோலைப் பெறக்கூடும்.

எஸ்.எஸ்.எச்., ஒயர்கார்டு ஆகியவற்றில் ஒவ்வொரு முறையும் புத்தம்புதிய இரகசிய எண்கள் எடுக்கப்படுகின்றன. ஆகவே, ஒரு திறவுகோலைக் களவாடி ஒட்டுக்கேட்டு மட்டும் இருப்பவன், அடுத்த மாற்றத்தோடு வெளியே தள்ளப்படுகிறான். முன்னது கடந்ததைக் காக்கிறது. பின்னது வருவதையும் காக்கிறது. எவ்வகையாயினும், பழைய திறவுகோலை நினைவகத்திலிருந்து அழித்துவிடுவது இன்றியமையாதது. அழிக்காது வைத்திருந்தால் மாற்றியதன் பயன் பெரிதும் குன்றும்.

மாற்றுவதிலும் பிழை நேரலாம்

டி.எல்.எஸ். முறையின் முந்தைய பதிப்புகளில், இணைப்பின் நடுவே மீண்டும் பேசி முடிவு செய்யும் ஏற்பாடு இருந்தது. புதிய உரையாடல் பழைய இணைப்போடு உறுதியாகப் பிணைக்கப்படாமையால், இடையிலிருப்பவன் தன் செய்தியை முதலில் நுழைத்து, பின்னர் வருபவரின் செய்தியை அதனோடு ஒட்டவைக்க முடியும் என்பது 2009-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அடுத்த ஆண்டில் இதற்குத் திருத்தம் வந்தது, 1.3 பதிப்பில் அந்த ஏற்பாடே நீக்கப்பட்டது.

2017-ஆம் ஆண்டில், பெல்ஜியம் நாட்டின் லூவென் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மத்தி வான்ஹூஃப், வைஃபை இணைப்புகளைக் காக்கும் டபிள்யூ.பி.ஏ.2 முறையில் மற்றொரு குறையைக் காட்டினார். உரையாடலின் ஒரு பகுதியை மீண்டும் அனுப்புவதன் மூலம், முன்பே பயன்பட்ட திறவுகோலையே கருவி மறுபடியும் பொருத்திக்கொண்டு, செய்திகளின் வரிசை எண்ணைத் தொடக்கத்திலிருந்து எண்ணுமாறு செய்யலாம் என்பதே அக்குறை. மென்பொருள் திருத்தங்களால் இது சரிசெய்யப்பட்டது. திருத்தம் பெறாத கருவியில் குறை அப்படியே நிற்கும்.

பணியாளர் கருத்தில் கொள்ள வேண்டியவை

நீண்ட இணைப்பு ஒன்று நொடிப்பொழுது தயங்கிப் பின் தொடருமாயின், அது திறவுகோல் மாறும் நேரமாக இருக்கலாம், அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால், இணைப்பு ஒவ்வொரு முறையும் சரியாக ஒரு மணி நேரத்தில் அறுந்துபோகுமாயின், இரு முனைகளுள் ஒன்றிலுள்ள மென்பொருள் திறவுகோலை மாற்றத் தெரியாது தவிக்கிறது என ஐயுறலாம். அப்போது மாற்றத்தையே நிறுத்திவிடுவது எளிய வழியாகத் தோன்றும். அது தவறான வழி. பொறுப்பிலுள்ள தொழில்நுட்ப அலுவலரிடம் அறுந்த நேரங்களைக் குறித்துத் தந்து, இரு முனைகளின் மென்பொருளையும் புதுப்பிக்கச் செய்வதே முறை.

திறவுகோல் தானே மாறுகிறது என்பதற்காகக் கடவுச்சொல்லில் அசட்டையாக இருத்தலும் கூடாது. இவை வெவ்வேறானவை. பதிவேடுகளைக் கொண்ட கைக்கணிப்பொறி களவு போய், கடவுச்சொல்லும் பிறர் கையிற் சிக்கினால், ஒவ்வொரு புதிய திறவுகோலும் களவாடியவனுக்கே பணிபுரியும். அந்நிலையில் உடனே அலுவலகத்துக்கு அறிவித்து, அக்கருவியின் அனுமதியை நீக்கச் செய்வதே காப்பு.

ஆசிரியர்கள் இப்பொருளை வகுப்பில் விளக்கக் கணிப்பொறி தேவையில்லை. 40 மாணவர் உள்ள வகுப்பில் இருவர்க்கேனும் பிறந்தநாள் ஒன்றாயிருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 89 ஆகும். மாணவர் ஒவ்வொருவராகத் தம் பிறந்தநாளைக் கரும்பலகையில் எழுதிவரட்டும். முதல் ஒற்றுமை தோன்றியவுடன் பலகையை அழித்து, ‘இப்போது திறவுகோல் மாறிவிட்டது’ என்று கூறலாம். அதற்குச் சற்று முன்னரே அழித்திருக்க வேண்டும் என்பதை மாணவரே சொல்வர்.