அறுபது கிலோமீட்டர் என்ன அற்பமா?

நெடுந்தூரக் குதிரையேற்றத்தில் குறைந்த தூர ஓட்டங்களுக்கு இன்னமும் இரண்டாம் பந்திதான். ஆனால் குதிரையின் கால்கள் உறுதிப்படுவது அங்கேதான்.

பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் குதிரை என்றால் அது ஹெச்.பி. கணக்குதான். லேத்துக்கு எத்தனை, கம்ப்ரஸருக்கு எத்தனை என்பதோடு சரி. ஆனால் பட்டறைகளை ஒட்டி ஓடும் தும்கூர் சாலை, தூரத்தை அளந்து பார்க்க நல்ல அளவுகோல். பீன்யாவிலிருந்து தும்கூர் சுமார் 60 கி.மீ. நெரிசல் நேரத்தில் லோடு லாரியே திணறும் தூரம். இதை ஒருவர் ஒரே குதிரையில் ஒரே நாளில் கடந்தால் சபாஷ் போடத் தோன்றும். 'எண்டூரன்ஸ்' எனப்படும் நெடுந்தூரக் குதிரையேற்றத்தின் கணக்கில் மட்டும் அது சின்ன ஓட்டம்!

காரணம், இந்த விளையாட்டு பிறந்தபோதே பெரிய தூரத்தோடு பிறந்தது. 1955-ல் வெண்டல் ரோபியும் சில நண்பர்களும் சியரா நெவாடா மலைகளைத் தாண்டி கலிபோர்னியாவின் ஆபர்ன் நகருக்கு ஒரே நாளில் 100 மைல் சவாரி செய்து காட்டினார்கள். அதுதான் பின்னர் டெவிஸ் கோப்பை ஆனது. 160 கி.மீ. என்பதே இன்றும் உலக சாம்பியன்ஷிப்பின் தூரம். சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனத்தின் நட்சத்திர அந்தஸ்து பெற இப்போது குறைந்தது 100 கி.மீ. ஓட வேண்டும். அமெரிக்காவில் 50 மைலுக்குக் குறைந்தால் எண்டூரன்ஸ் என்ற பெயரே கிடையாது. 25 மைலிலிருந்து அதற்குள் அடங்குபவை 'வரையறுக்கப்பட்ட தூரம்'. அந்த மைல்களுக்குத் தனிப் பேரேடு.

ஒதுக்கப்பட்ட இந்த ஓட்டங்கள் செய்யும் வேலை சாதாரணமானதல்ல. பயிற்சி தொடங்கிய சில மாதங்களில் குதிரையின் இதயமும் தசைகளும் தேறிவிடும். எலும்பும் தசைநாண்களும் அப்படியல்ல. அவை உறுதிப்பட ஓராண்டுக்கு மேல் ஆகும். மூச்சு வாங்காமல் ஓடுகிறதே என்று நம்பி அவசரமாக நீண்ட தூரத்துக்கு இறக்கினால், முதலில் கைவிடுவது கால்தான். அதனால்தான் சர்வதேசப் போட்டிக்கு வருமுன் 40 முதல் 79 கி.மீ. வரையிலான ஓட்டங்களையும், பிறகு 80 கி.மீ. அளவிலான ஓட்டங்களையும் முடித்தாக வேண்டும் என்கிறது விதி. அதுவும் கட்டுப்பட்ட வேகத்தில், மணிக்கு 16 கி.மீ.க்கு மிகாமல்.

தூரம் எதுவானாலும் உண்மையான நடுவர் கால்நடை மருத்துவர். பாதை பல சுற்றுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் குறித்த நிமிடங்களுக்குள் இதயத் துடிப்பு 64-க்கு இறங்கியிருக்க வேண்டும். பிறகு குதிரையை ஓட்டிப் பார்த்து நொண்டுகிறதா என்று கவனிப்பார்கள். தோலைக் கிள்ளி நீர் வற்றியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். வயிற்றில் காது வைத்துக் குடல் ஓசை கேட்பார்கள். ஒன்றில் தவறினாலும் முதலில் வந்த குதிரைக்கும் அதோடு சரி.

குறைந்த தூரத்துக்கு ஆபத்தே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தூரம் குறையக் குறைய, இது வெறும் ரேஸ்தானே என்று விரட்டும் ஆசை கூடுகிறது. அமெரிக்கர்கள் இதற்கு ஒரு கெட்டிக்காரத்தனமான கடிவாளம் போட்டார்கள். 50 மைல் ஓட்டத்தில் கோட்டைத் தாண்டியதும் கடிகாரம் நிற்கும். 25 மைல் ஓட்டத்திலோ துடிப்பு 60-க்கு இறங்கினால்தான் நிற்கும். விரட்டி வந்தவர் குதிரை ஆறும்வரை காத்திருக்க, நிதானமாக வந்தவர் முந்திக்கொள்வார். சின்ன ஓட்டத்துக்குத்தான் கடுமையான சட்டம்!

பெரிய தூரத்தில் கவனம் பிசகினால் விலை அதிகம். குதிரைகளின் நலன் பற்றிய புகார்களால் 2015-ல் ஐக்கிய அரபு அமீரகத்தின் சம்மேளனமே இடைநீக்கம் செய்யப்பட்டது. 2018-ல் அமெரிக்காவின் டிரையனில் நடந்த உலகப் போட்டியில், வெப்பமும் புழுக்கமும் தாங்காத நிலையில் எண்டூரன்ஸ் ஓட்டம் பாதியிலேயே ரத்தானது.

இந்தியாவில் இந்த விளையாட்டு இன்னும் இளங்குட்டிதான். ஆனாலும் கேரளத்தின் திரூரைச் சேர்ந்த, துபாயில் வளர்ந்த நிதா அஞ்சும் சேலாட் வழி காட்டியிருக்கிறார். 2023-ல் பிரான்சின் காஸ்டெல்சாக்ராவில் இளையோர் உலக சாம்பியன்ஷிப்பின் 120 கி.மீ.யையும், 2024-ல் மோன்பாசியரில் முதியோர் பிரிவின் 160 கி.மீ.யையும் முடித்தார். படிப்படியாக ஏறாமல் யாரும் அந்தக் கோட்டைத் தொட முடியாது.

பெங்களூருக்கும் குதிரை புதிதல்ல. ஒலிம்பிக் வரை போன ஃபவாத் மிர்சாவின் ஊர் இது. சுமார் 900 மீட்டர் உயரமும் இதமான காலை நேரமும் குதிரைக்கு ஏற்றவை. தமிழகத்துக்கோ குதிரை இன்னும் பழைய உறவு. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் போன மாணிக்கவாசகர் கதை எல்லோருக்கும் தெரியும். 13-ம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ எழுதியதுதான் உறுத்துகிறது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் இறக்குமதியான குதிரைகள், பேணத் தெரிந்தவர் இல்லாமல் மாண்டன என்கிறார் அவர். வாங்கப் பணம் இருந்தது, வளர்க்கும் பொறுமை இல்லை.

அந்தப் பொறுமையைக் கற்றுத்தரும் பள்ளிக்கூடம்தான் 40, 60 கி.மீ. ஓட்டங்கள். புது எஞ்சினை எடுத்த எடுப்பில் முறுக்கினால் என்னாகும் என்பது பீன்யா மெக்கானிக்குகளுக்குத் தெரியும். எஞ்சினுக்காவது மாற்று பாகம் கிடைக்கும்.