அலுமினியப் படகும் வீட்டுத் தச்சுவேலையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஆர்க்கன்ஸா, மிஸ்ஸூரி முதலிய மாகாணங்களில், ஆறும் ஏரியும் அடுத்துள்ள ஊர்களுட் சென்று பார்ப்போர், வீட்டுக்கு வீடு என்று சொல்லுமளவிற்குச் சிறு அலுமினியப் படகுகளைக் காண்பர். மோட்டார் வண்டி நிற்குங் கொட்டகையிலாவது, முற்றத்து மரநிழலிலாவது, இருசக்கரத் தள்ளுவண்டியின்மேல் அது ஏற்றி வைக்கப்பட்டிருக்கும். இதனை அந்நாட்டார் ஜான் படகு என்பர். அடி தட்டையாயும், முன்னும் பின்னும் ஏறக்குறையச் சதுரமாயும் அமைந்த இப்படகு முக்கால் முழ ஆழமுள்ள நீரிலுங் கவலையின்றிச் செல்லும். ஓசார்க் மலைப்பகுதியின் ஆறுகளில் முன்னாளில் இதே வடிவை மரப்பலகையாற் செய்து மீன் பிடித்து வந்தனர். இக்காலத்தில் உலோகம் மரத்தின் இடத்தைப் பெற்றுவிட்டது.

வாங்கியபடியே இப்படகை வைத்துக்கொள்வோர் சிலர். ஏனையோர், நம் நாட்டில் வீடு வாங்கியவன் உடனே சுவரை இடித்துச் சன்னல் வைப்பதுபோல, இருக்கையைப் பிடுங்கித் தளம் போடுவர். நம் கல்லூரியின் பழைய மாணவராகிய என் நண்பர் ஒருவர் அத்தகையவர். அவருடைய இல்லத்திற் சிலநாள் விருந்தினனாகத் தங்கியபோது அவ்வேலையை அருகிருந்து கண்டேன். அதனால் விளைந்த ஆபத்திலும் பங்கு கொண்டேன். நம் மாணவர் வகுப்பிற் படிக்கும் ஆர்க்கிமிடீஸ் விதியும், ஈர்ப்பு மையமும், மின்னிரசாயனமும் ஒரு சிறு படகினுள் ஒருங்கே கூடி நிற்றலைக் கண்டதனாலேயே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

முதற்கண் உலோகத்தின் வரலாற்றைச் சிறிது கூறுவேன். அலுமினியம் பூமியின் மேலோட்டில் மலிந்து கிடப்பினும், அதனைத் தாதுவினின்று மலிவாகப் பிரிக்கும் வழி 1886-ம் ஆண்டுவரை எவர்க்கும் அகப்படவில்லை. அவ்வாண்டில் ஒஹாயோ மாகாணத்து ஓபர்லின் கல்லூரியிற் பயின்று வெளிவந்த சார்லஸ் மார்ட்டின் ஹால் என்னும் இளைஞர், தம் வீட்டு விறகுக் கொட்டகையில் அமைத்த ஆய்வுசாலையில், மின்சாரத்தின் உதவியால் அதனைச் சாதித்தார். அதே ஆண்டில் பிரான்ஸ் தேசத்தில் எரூல் என்பவரும் தனித்து அம்முறையைக் கண்டார். பெருஞ்செல்வரான ஹால் 1914-ம் ஆண்டில் இறந்தபோது தம் சொத்தில் ஒரு பங்கை ஆசியாக் கண்டத்தின் கல்விக்கும் எழுதி வைத்தார். 1928-ம் ஆண்டில் நிறுவப்பட்ட ஹார்வர்டு-யெஞ்சிங் நிலையம் அப்பணத்தாற் பிறந்ததே. படகு செய்தற்கு இவ்வுலோகம் பரவலாகப் பயன்பட்டது இரண்டாவது உலகயுத்தத்தின் முடிவிலாகும். போர் விமானங்கள் செய்துவந்த கிரம்மன் கம்பெனியின் அதிகாரி ஒருவர், 1944-ம் ஆண்டில் கனத்த மரத்தோணி ஒன்றைத் தோளிற் சுமந்து அலுத்தவர், விமானத் தகட்டாலேயே தோணி செய்யலாகாதோ என்று எண்ணினார். மறு ஆண்டிலேயே அக்கம்பெனி அலுமினியத் தோணிகளைச் செய்யத் தொடங்கிற்று.

இனி நண்பரின் படகுக்கு வருவோம். அது 14 அடி நீளமும், அடித்தளத்தில் 4 அடி அகலமும், சற்றேறக்குறைய 250 பவுண்டு எடையும் உடையது. குறுக்கே மூன்று அலுமினிய இருக்கைகள் ரிவெட் ஆணிகளால் இருபுறத்தோடும் பிணைக்கப்பட்டிருந்தன. நடு இருக்கை நடமாட்டத்திற்கு இடையூறாயிருக்கின்றது என்பதே அவர் முதற் குறை. அதனை அறுத்தெறிந்து, முன்புறத்தில் உயர்ந்த தளம் ஒன்று அமைத்து, அதன்மேல் ஒற்றைக்காலிற் சுழலும் நாற்காலி ஒன்றை நாட்டுவது அவர் கருத்து. இது அங்கே மிகவும் பெருவழக்கான மாறுதலே.

ஆனால் அவ்விருக்கை உட்காருவதற்கென்று மட்டும் வைக்கப்பட்டதன்று. அது மூன்று தொழில்களைச் செய்கின்றது. ஆளைத் தாங்குவது ஒன்று. பக்கத் தகடுகள் உள்ளே நெருங்காமலும் வெளியே விரியாமலும் குறுக்குவிட்டம்போல் நின்று பிடிப்பது மற்றொன்று. அதனை நீக்கினால் இயந்திரத்தின் விசையில் படகு முறுகி, ரிவெட்டுகள் தளர்ந்து, தண்ணீர் கசியத் தொடங்கும். மூன்றாவது தொழில் கண்ணுக்குப் புலப்படாதது. அதுவே உயிர் காப்பது. இருக்கைப் பெட்டியின் உள்ளே நீர் புகாத நுரைப்பாளம் நிரப்பப்பட்டிருக்கின்றது.

இதன் காரணத்தைக் கணக்கிட்டுக் காண்போம். நம் கரையோரத்துக் கட்டுமரம் கவிழினும், அலை மேலே புரளினும் அமிழ்வதில்லை. மரமே நீரினும் இலேசாதலால் அதற்குத் துணை வேண்டியதில்லை. (ஆங்கிலேயர் இரட்டைப் படகிற்கு இட்ட பெயர் நம் கட்டுமரம் என்ற சொல்லிலிருந்து சென்றதே என்பதை யாவரும் அறிவர்.) அலுமினியமோ நீரினும் 2.7 மடங்கு கனமானது. 250 பவுண்டுள்ள படகு நீர் நிரம்பி அமிழ்ந்தால், அது விலக்கும் நீரின் எடை 93 பவுண்டே. எஞ்சிய 157 பவுண்டு அதனை ஆழத்திற்கு இழுக்கும். இத்துடன் பின்புறத்திற் பூட்டிய இயந்திரம் ஏறக்குறைய 110 பவுண்டும், மின்கலம் 60 பவுண்டும் சேர்கின்றன. ஒரு கன அடி நீர் 62.4 பவுண்டு, ஒரு கன அடி நுரைப்பாளம் 2 பவுண்டு, ஆகவே ஒவ்வொரு கன அடி நுரைப்பாளமும் 60 பவுண்டைத் தாங்கும். மேற்கூறிய சுமைக்கு ஐந்தரைக் கன அடியாவது வேண்டும். நடு இருக்கை 4 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். அதனை வெட்டி எறிந்தவர் 240 பவுண்டு தாங்கும் சக்தியைக் குப்பையில் எறிந்தவராவார்! நீர் நிரம்பிய படகானாலும் மிதந்து நின்றால் அதனைப் பற்றிக்கொண்டு உதவி வரும்வரை காத்திருக்கலாம். அது அமிழ்ந்துவிட்டால் பற்றுதற்கு ஒன்றுமில்லை. இக்கணக்கைக் காட்டியபோது நண்பர் சிரித்து, "ஐயா, தாங்கள் இன்னும் வகுப்பிலேயே இருக்கிறீர்கள்" என்றார். இருக்கையும் போயிற்று.

அதன்பின் ஒட்டுப்பலகையாலே தளம் எழுந்தது. முக்கால் அங்குலக் கனமுள்ள பெரும்பலகை ஒன்று 70 பவுண்டுக்குக் குறையாது. இரண்டு பலகையும், சட்டங்களும், மேலே ஒட்டிய கம்பளமும் சேர்ந்து 200 பவுண்டு ஆயின. அந்நாட்டில் 1972-ம் ஆண்டின் இறுதியிலிருந்து, இத்தகைய சிறு படகுகளில் இத்தனை பேர், இத்தனை பவுண்டு என்று குறித்த தகடு ஒன்றைச் செய்பவரே பதிக்கவேண்டும் என்பது சட்டம். நண்பர் படகின் தகட்டில் ஆள், இயந்திரம், தட்டுமுட்டு யாவும் சேர்ந்து 800 பவுண்டு என்றிருந்தது. அது தொழிற்சாலையினின்று வெளிவந்த நிலையிலுள்ள படகுக்கு இட்ட கணக்கு. பின்னாற் சேர்க்கும் ஒவ்வொரு பலகையும் அதிலிருந்தே கழியும். இயந்திரம், மின்கலம், தளம் மூன்றையுங் கழித்தால் மீந்தது 430 பவுண்டு. இரண்டு பேருக்கும் அவர்தம் தூண்டிற் பெட்டிக்குமே அது போதும். நாங்கள் மூவர் ஏறினோம்.

எடையினும் கொடியது உயரம். தளம் படகின் விளிம்புக்குச் சரியாக இருந்தது, அதன்மேல் நாற்காலி, அதன்மேல் ஆள். படகின் ஈர்ப்பு மையம் எவ்வளவு மேலேறுகின்றதோ அவ்வளவுக்குச் சாய்ந்த படகு நிமிரும் வலி குறையும். அடித்தளத்தில் அமர்ந்திருக்கும் ஒருவன் ஒருபுறஞ் சாய்ந்தால் படகு சிறிது ஆடும். விளிம்பளவு உயரத்தில் நிற்பவன் சாய்ந்தால் அது சரியும். நண்பரின் தூண்டிலில் பெரிய மீனொன்று சிக்கவே, அவர் மைத்துனர் வலையோடு அதே பக்கத்துக்கு எழுந்து ஓடினார். ஒரு நொடியில் விளிம்பு நீர்மட்டத்தின் கீழே சென்றது. ஏரி உள்ளே பாய்ந்தது. "உட்காருங்கள்!" என்று நான் அலறியது மட்டும் நினைவிருக்கின்றது. இருவரும் தளத்திலிருந்து நடுவே விழுந்தாற்போல் அமர்ந்ததனால் படகு நிமிர்ந்தது. முழங்கால் மூழ்க நீரில் அமர்ந்து, வாளியால் இறைத்துக்கொண்டே கரை சேர்ந்தோம். நடு இருக்கையின்றி எங்கள் படகு முழுதும் நிரம்பியிருந்தால் மிதந்திருக்குமோ என்ற கேள்வியை வழியில் ஒருவரும் எழுப்பவில்லை. மீன் போய்விட்டது.

மறுநாள் தளத்தைக் கழற்றினோம். அப்போது மற்றொரு கேடும் வெளிப்பட்டது. சட்டங்களுக்கு நண்பர் வாங்கியது செல்லரிக்காதபடி மருந்தூட்டிய மரம். 2003-ம் ஆண்டின் முடிவுவரை அந்நாட்டில் வீடுகளுக்குப் பயன்பட்ட மரத்தில் பெரும்பாலும் குரோமியம், செம்பு, பாஷாணம் மூன்றும் சேர்ந்த மருந்து ஊட்டப்பட்டது. பாஷாணத்திற்கு அஞ்சி அதனைக் கைவிட்டபின் வந்த மருந்துகளில் செம்பு மிகுதி. ஈரமான இடத்திற் செம்பும் அலுமினியமும் அடுத்திருந்தால், வகுப்பிற் செய்துகாட்டும் மின்கலமே அங்கு உண்டாகின்றது. அதில் அழிவது அலுமினியம். சட்டம் படிந்த இடங்களிலெல்லாம் தகட்டில் வெண்பொடி பூத்து, ஊசிமுனை போன்ற குழிகள் விழத் தொடங்கியிருந்தன. கம்பளம் நீரை உறிஞ்சிப் பிடித்துவைத்து இவ்வேலைக்குத் துணைபுரிந்தது. செப்புக்காசு ஒன்று படகின் அடியிற் கிடப்பதற்கும் அனுபவமுள்ளோர் இடங்கொடார். உப்புநீரானால் இக்கேடு பன்மடங்கு விரையும்.

மின்சாரக் கம்பிகளிலும் இதே கருத்து வேண்டும். மோட்டார் வண்டியிற்போல இரும்புடலையே மின்னோட்டம் திரும்பும் வழியாகக் கொள்ளும் வழக்கத்தை இங்கே பின்பற்றலாகாது; போகவும் வரவும் தனித்தனிக் கம்பி வேண்டும்; மின்கலத்தின் அருகிலேயே பியூஸ் இருத்தல் வேண்டும். பெட்ரோல் தகரத்தை மூடிய தளத்தின் கீழ் வைப்பதோ பெருந்தவறு. அதன் ஆவி காற்றினும் கனமாதலால் அடியிலே தேங்கிநிற்கும். ஒரு சிறு பொறி போதும்.

நான் புறப்படுமுன் படகு மறுபடியும் உருப்பெற்றது. நடு இருக்கை இருந்த இடத்தில் அலுமினியப் பெட்டி ஒன்று குறுக்கே ரிவெட் செய்யப்பட்டு, உள்ளே நுரைப்பாளம் நிரப்பப்பட்டது. தரைக்கு இலேசான அலுமினியத் தகடு, அடித்தளத்தினின்று நான்கு விரற்கடை உயரத்தில் மட்டும். அதன் கீழே தேங்கும் நீரைக் காண ஒரு கைவழி. முன்தளம் பழைய இருக்கையின் மட்டத்தோடு நின்றது. சுழல் நாற்காலியை மட்டும் நண்பர் விடவில்லை. அதன் காலைக் குட்டையாக அறுத்துக்கொண்டார். கரையோரத்திலேயே மூவரும் வேண்டுமென்று ஒருபக்கமாக நகர்ந்து சோதித்தோம். விளிம்பு நீருக்கு ஒரு சாண் மேலேயே நின்றது. தகட்டிலிருந்த 800 என்ற எண்ணின் கீழ், தாம் சேர்த்த பொருள்களின் எடையைக் கழித்து வந்த எண்ணை அவர் கருப்பு மையால் எழுதி வைத்திருக்கின்றார்.