பறைக்கு பத்மஸ்ரீ கிடைச்சாச்சு... அடிக்கிறவங்க வயிறு நிறையுதா?

மதுரை: பறைச் சத்தம் காதில் விழுந்தாலே கால் தானா ஆடும். ஆனாலும் ‘சாவு மேளம்’ என்று அதை ஒதுக்கி வைத்தவர்கள் ஏராளம். அந்தப் பறைக்குத்தான் இப்போது மவுசு. அலங்காநல்லூர் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

கீழே போட்டது ஏன்?

பறை நேற்று வந்த கருவி அல்ல. நிலத்துக்குரிய தெய்வம், உணவு, மரம், பறவை என்று பட்டியல் போடும் தொல்காப்பியம், பறையையும் அதில் சேர்த்திருக்கிறது. பின்னாளில் பறையை சாதியோடு முடிச்சுப் போட்டார்கள். சாவுக்கு அடிப்பது சில மக்கள் தலையில் கட்டிய வேலையானது. இந்த அவமானமே வேண்டாம் என்று பறையைக் கீழே போட்டவர்கள் உண்டு. அதில் நியாயமும் இருந்தது.

தீயில் காட்டுவது எதுக்கு?

மூன்று மரத்துண்டுகளை வட்டமாக இணைத்து, புளியங்கொட்டைப் பசை தடவி மாட்டுத்தோலை ஒட்டுவார்கள். காற்றில் உள்ள ஈரத்தை இழுத்தால் தோல் தொளதொளத்துப் போகும். சத்தம் எழும்பாது. வைக்கோல் தீயில் காய்ச்சினால் தோல் விறைக்கும், அடி கணீரென்று விழும். இடது கையில் நீளமான சிம்புக்குச்சி, வலது கையில் தடித்த அடிக்குச்சி.

இப்போது பிளாஸ்டிக் தோலும் வந்தாச்சு. காய்ச்ச வேண்டாம், மழைக்கும் பயமில்லை. ஆனால் மாட்டுத்தோல் தரும் கனமான ஓசை அதில் வராது என்பது பழைய கைகளின் குறை.

பெண்களும் கலக்குறாங்க

ஆண்கள் மட்டுமே அடித்த பறையை திண்டுக்கல் சக்தி கலைக்குழு பெண்கள் தோளில் மாட்டி மேடையேறினார்கள். சென்னை சங்கமம் 2007-ல் தொடங்கி, கிராமத்துக் கலைகளைப் பூங்காவுக்கும் தெருவுக்கும் கொண்டு வந்தது. காலேஜ் பசங்களும் ஆபீஸ் போறவங்களும் இப்போது ஆசைப்பட்டு கத்துக்கிறாங்க. சாதி பார்த்து திணித்த வேலை, விரும்பி பழகும் கலையாக மாறியதுதான் பெரிய திருப்பம்.

கூலிதான் பிரச்னை

திருவிழா சீசன் முடிந்தால் பல கலைஞர்களுக்கு கட்டிட வேலையோ வயல் வேலையோதான் சோறு போடுகிறது. அப்பா படும் பாட்டைப் பார்க்கிற பிள்ளை குச்சியைத் தொடுமா? விருதும் கைதட்டலும் பெருமைதான். ஆனால் பேசிய கூலியை குறைக்காமல் அன்றைக்கே கொடுத்து, கலைஞர்களை பந்தியில் சரிசமமா உட்கார வைக்கிற ஊரில்தான் பறை அடுத்த தலைமுறைக்கும் கேட்கும்.