மகளைப் பறக்க விடலாமா?

என்.சி.சி. என்றாலே வெயிலில் 'லெஃப்ட் ரைட்' போடுவதுதான் என்று நம்மில் பலர் நினைத்துக் கொண்டிருக்கிறோம். அதில் விமானப் பிரிவு என்று ஒன்று 1950-லேயே தொடங்கப்பட்டுவிட்டது. அதில் சேரும் பிள்ளைகளுக்கு வாய்ப்பு அமைந்தால், பயிற்சியாளருடன் சின்ன விமானத்தில் ஏறி ஓட்டிப் பார்க்கலாம். அதுவும் கட்டணம் இல்லாமல்!

கல்லூரி முதல் வருடம் படிக்கும் என் மகள் இந்தப் பிரிவில் இருக்கிறாள். பறக்கும் பயிற்சிக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று ஒரு தாளை நீட்டினாள். வீட்டில் ஒரே ரகளை! "பொட்டப் புள்ள ஆகாசத்துல பறந்து என்ன ஆவப் போவுது? கை கால் ஒடிஞ்சா எவன் கட்டிக்குவான்?" என்றார் என் மாமியார். என் கணவரோ, "உங்கம்மாவைக் கேளு" என்று நழுவிவிட்டார்.

நான் பத்தாவது வரை படித்தவள். "எனக்குப் புரியற மாதிரி சொல்லு, அப்புறம் கையெழுத்து" என்றேன்.

அவள் சொன்னதைக் கேட்டு அசந்து போனேன். முன்பெல்லாம் என்.சி.சி. பிள்ளைகள் கிளைடரில் பழகினார்களாம். கிளைடருக்கு என்ஜினே கிடையாது. தரையில் உள்ள இயந்திரம் நீளமான கம்பியைச் சுருட்டி இழுக்க, பட்டம் போல மேலே ஏறும். பிறகு கம்பியை விட்டுவிட்டு மிதக்கும். ஒரு கிலோ மீட்டர் உயரத்திலிருந்து சுமார் 20 கிலோ மீட்டர் தூரம் சறுக்கிக்கொண்டே போகுமாம்! வெயிலில் சூடாகி எழும்பும் காற்றில் சுற்றினால் இன்னும் மேலே போகலாம். எங்கள் அணுபுரத்தில் மத்தியான நேரம் பருந்து இறக்கையை அசைக்காமல் வட்டம் போடுகிறதே, அதே வித்தைதான்.

இன்னொன்று கேளுங்கள். கிளைடரின் கண்ணாடிக் கூண்டின் மேல் ஒரு துண்டு கம்பளி நூலை ஒட்டியிருப்பார்கள். நூல் நேராக இருந்தால் விமானம் கோணாமல் போகிறது என்று அர்த்தம். எத்தனை கருவி இருந்தாலும் நூலுக்கு மரியாதை போகவில்லை!

இப்போது மைக்ரோலைட் எனும் சிறு விமானத்தில் பழக்குகிறார்கள். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். பிள்ளை தடுமாறினால் பயிற்சியாளர் உடனே ஓட்ட, அவரிடமும் அதே பிடி உண்டு. நடுவானில் என்ஜின் நின்றாலும் கல் மாதிரி விழாது. கிளைடர் போலச் சறுக்கி இறக்கலாம்.

"அத்தை, 1936-லேயே சரளா தக்ரால் என்ற பெண், நாலு வயது மகளுக்குத் தாயாகி, புடவை கட்டிக்கொண்டே தனியாக விமானம் ஓட்டியிருக்கிறாராம்" என்றேன். மாமியார் வாயடைத்துப் போனார். "புடவையா? கொசுவத்தைச் செருகிக்கிட்டாளா?" என்று மட்டும் கேட்டார். நான் கையெழுத்துப் போட்டேன்.

சென்ற மாதம் மகள் பறந்தாள். இறங்கியதும் முதல் போன் ஆயாவுக்குத்தான்! "ஆயா, ஏரியெல்லாம் சின்னத் தட்டு மாதிரி இருந்துச்சு" என்றாள். இப்போது தெரு முழுக்க அதைச் சொல்லிக் கொண்டிருப்பவர் என் மாமியார்தான்.

சகோதரிகளே! பிள்ளை இப்படி ஒரு தாளை நீட்டினால் உடனே மறுக்காதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்தும் போடாதீர்கள். டாக்டர் பரிசோதனை உண்டா, கூடப் பறப்பவர் யார், காற்று மழை இருந்தால் நிறுத்துவார்களா என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இருந்தால் பெண் பிள்ளை என்பதற்காக மட்டும் தடுக்காதீர்கள்.

— ஒரு வாசகி, அணுபுரம்.