தராசிலிருந்து நகர சபைக்கு: ஒரு பலசரக்குக் கடைக்காரரின் 25 வருடங்கள்

பண்டாரவளை போன்ற ஒரு நகரத்தில் பத்துப் பதினைந்து வருடங்கள் ஒழுங்காகக் கடை நடத்திய ஒருவரிடம், தேர்தல் நெருங்கும்போது யாராவது வந்து, "முதலாளி, இம்முறை நீங்கள் கேட்டால் என்ன?" என்று சொல்வது வழமை. தோட்டத்துச் சனமும் கிராமத்துச் சனமும் டவுன்காரர்களும் வந்துபோகும் கடை. எல்லோருக்கும் முகம் தெரியும். அந்த முகம் வாக்காக மாறும் என்பது கட்சிக்காரர்களின் கணக்கு.

கணக்கில் பிழையில்லை. 2018 முதல் உள்ளூராட்சி உறுப்பினர்களில் 60 சதவீதமானோர் வட்டாரங்களிலிருந்தே தெரிவாகின்றனர். 2025 மே 6இல் நடந்த தேர்தலும் இந்த முறையிலேயே நடந்தது. வட்டாரத்தில் அறிமுகமான முகத்துக்கு மதிப்பு அதிகம். ஆனால், பதவிக்குப் போன வியாபாரிக்குக் கடைசியில் என்ன மிஞ்சும்? இதற்குப் பதில் சொல்லும் ஒரு வாழ்க்கை இங்கிலாந்தில் உண்டு.

1985 ஏப்ரலில் விக்டோரியா அணைக்கட்டுத் திறப்பு விழாவுக்கு இலங்கை வந்த பிரித்தானியப் பிரதமர் மார்கிரட் தட்சரை நமது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அவரது அரசியலை ஏற்பவர்களும் உண்டு, வெறுப்பவர்களும் உண்டு. இங்கே நாம் பேசப்போவது அவரைப் பற்றியல்ல, அவருடைய தந்தை அல்பிரட் ரொபர்ட்ஸைப் பற்றி.

கடை வந்த வழி

1892இல் சப்பாத்துத் தைக்கும் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் ரொபர்ட்ஸ். ஆசிரியராக வேண்டும் என்பது அவரது ஆசை. வீட்டு நிலைமை இடம் தரவில்லை. 13 வயதில் படிப்பை விட்டார். கடைகளில் உதவியாளராக நின்று தொழில் பழகினார். கிரந்தம் என்ற சிறு நகரத்துக்கு வந்து, தையல் தொழில் செய்த பியட்ரிஸை 1917இல் திருமணம் செய்தார். இருவரும் சிக்கனமாகச் சேமித்து, மீதிக்கு ஈட்டுக் கடன் எடுத்து, 1919இல் நோர்த் பரேட் வீதிச் சந்தியில் சொந்தக் கடையை வாங்கினார்கள். சில வருடங்களில் இரண்டாவது கடையும் வந்தது.

குடும்பம் கடைக்கு மேல்மாடியில் குடியிருந்தது. குழாயில் சுடுநீர் இல்லை. மலசலகூடம் வெளியே. தேயிலையும் சீனியும் பெட்டியிலும் மூட்டையிலும் வரும். அவற்றை நிறுத்துப் பைகளில் போடும் வேலைக்கு மகள்மாரும் கை கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் கொடுக்காத படிப்பை நூலகத்திலிருந்து தாமாகவே தேடிக்கொண்டார் ரொபர்ட்ஸ். மெதடிஸ்த சபையில் பிரசங்கமும் செய்தார்.

கடையும் சபையும்

1927இல் சுயேச்சையாக நின்று நகர சபைக்குத் தெரிவானார். பல வருடங்கள் நிதிக் குழுவின் தலைவராக இருந்தார். ஊர்ப் பணத்தை விரயம் செய்யாதவர், வரியைக் கூட்ட இலகுவில் சம்மதிக்காதவர் என்று பெயர். ஒவ்வொரு பென்னியையும் பார்த்துச் செலவழிக்கக் கடை கற்றுக்கொடுத்த பழக்கம் சபையிலும் தொடர்ந்தது.

ரோட்டரிக் கழகத்திலும் முன்னின்றார். 1938இல் ஹிட்லர் ஒஸ்திரியாவைப் பிடித்தபோது, மூத்த மகளின் பேனா நண்பியான வியன்னா நகரத்து யூதச் சிறுமியின் பெற்றோர், மகளை அழைத்துக்கொள்ள முடியுமா என்று கடிதம் எழுதினார்கள். தனியே அந்தச் செலவைத் தாங்க அவருக்கு வசதியில்லை. ரோட்டரி நண்பர்களிடம் பேசினார். செலவைப் பகிர்ந்து, பல வீடுகளில் மாறி மாறித் தங்கவைத்து அந்தச் சிறுமியைக் காப்பாற்றினார்கள். ஒரு வியாபாரியின் அறிமுகங்கள் எதற்குப் பயன்படலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

1940 ஜனவரியில் பங்கீடு வந்தது. அதே வருடம் ஜூலையில் தேயிலையும் பங்கீட்டில் சேர்ந்தது. ஆளுக்கு வாரத்துக்கு 2 அவுன்ஸ் மட்டுமே. அரிசிக் கூப்பன் காலத்தைக் கண்டவர்களுக்குத் தெரியும், தட்டுப்பாட்டில்தான் கடைக்காரனின் கை சுத்தமா என்பது ஊருக்கு விளங்கும். போர்க்காலம் முழுவதும் அதே ஊரில் பொருளை நிறுத்துக் கொடுத்தவர் 1943இல் அல்டர்மன் ஆனார். இது சபை உறுப்பினர்களே தெரிவு செய்யும் கௌரவப் பதவி. 1945இல் மேயர் ஆனார்.

1952இல் நடந்தது

1950இல் தொழிற்கட்சி முதல் தடவையாகச் சபையில் பெரும்பான்மை பெற்றது. 1952இல் ரொபர்ட்ஸை நீக்கிவிட்டுத் தமது ஆளை அல்டர்மன் ஆக்கியது. அவர் சுயேச்சை என்றாலும் கன்சர்வேடிவ் பக்கம் சாய்ந்தவர் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஊழல் குற்றச்சாட்டு ஏதுமில்லை. கை எண்ணிக்கை மாறியது, அவ்வளவுதான். 25 வருட சேவை ஒரே வாக்கெடுப்பில் முடிந்தது. கௌரவமாக ஏற்ற அங்கியைக் கௌரவமாகவே கழற்றி வைப்பதாக மட்டும் சொல்லிவிட்டு அவர் வெளியேறினார். 1985இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் இதைச் சொல்லும்போது இரும்புப் பெண்மணி என்று பெயரெடுத்த மகள் கண்ணீர் விட்டார்.

1970 பெப்ரவரியில் ரொபர்ட்ஸ் காலமானார். மகள் அமைச்சரானது நான்கு மாதங்களுக்குப் பிறகு, அதே வருடம் ஜூனில். 1979இல் பிரதமரானபோது, தமக்குக் கிடைத்த எல்லாவற்றுக்கும் தந்தையே காரணம் என்ற கருத்தில் அவர் பேசினார்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

முதலாவது, கடை தன் காலில் நிற்கவேண்டும். ரொபர்ட்ஸ் கூட்டங்களுக்குப் போனபோது மனைவியும் உதவியாளர்களும் கடையைப் பார்த்தார்கள். முதலாளி இல்லாவிட்டால் ஷட்டர் பூட்டப்படும் கடை, ஒரு தவணைக்கே தாங்காது.

இரண்டாவது, சபையின் கொப்பியும் கடையின் கொப்பியும் ஒன்றையொன்று தொடக்கூடாது. சந்தைக் கடைகளின் குத்தகை, வியாபார உரிமம், நடைபாதைக் கடைகள் எல்லாம் சபைக்கு வரும் விடயங்கள். தன் கடையோ பக்கத்துப் போட்டிக் கடையோ பேசப்படும்போது ஆசனத்தை விட்டு எழுந்து போவதே புத்தி.

மூன்றாவது, சுயேச்சை என்று சொன்னாலும் ஊர் நம்மை ஒரு பக்கத்தில் வைத்துத்தான் பார்க்கும். தேர்தலில் எதிர்த்து நின்றவரும் மறுநாள் பருப்பு வாங்க வரும் வாடிக்கையாளர். அவருக்கும் அதே நிறை, அதே விலை, அதே முகம் இருக்கவேண்டும்.

நான்காவது, ஆசனம் நிரந்தரமல்ல. நம் நாட்டிலேயே 2018இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்து, இரண்டு வருடங்களுக்கு மேல் உறுப்பினர்களே இல்லாதிருந்தது. தருவதும் எடுப்பதும் நம் கையில் இல்லாத பதவியை நம்பிக் கடையைக் கைவிடுபவர், தேர்தலில் தோற்றால் இரண்டையும் இழப்பார்.

பொதுவேலைக்கு நல்ல வியாபாரிகள் தேவை. வடிகானுக்கும் குப்பைக்கும் குடிநீருக்கும் எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள் சபையில் இருந்தால் ஊருக்கு லாபம். ஆகவே கேட்பவர்கள் கேட்கட்டும். ஆனால் வேட்புமனுவில் கையொப்பம் இடுவதற்கு முன், ஆசனம் போன மறுநாள் காலையில் திறப்பதற்குக் கடையும், உள்ளே வருவதற்கு எல்லாப் பக்கத்து வாடிக்கையாளர்களும் இருப்பார்களா என்று ஒரு தடவை எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும்.